மூன்று பேட்டரியும் ஒரு நிபந்தனையும்

1

நான் இங்கே என்ன தொழில் செய்கிறேன் என்று ஊருக்கு விளக்கும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன். ஓசூரில் என் அம்மா தெருவில் எல்லோரிடமும், "எம் பொண்ணு ஆஸ்திரேலியாவுல கரண்ட்டு ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லிவைத்திருக்கிறாள். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் தன் மீட்டர் பெட்டியில் ஏதோ கோளாறு, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். வேறென்ன செய்வது, அம்மாவின் மானம்.

உண்மையில் நான் வண்டிகளுக்குப் பேட்டரி இணைத்துக் கொடுக்கிறேன். அடிலெய்டு நகரத்துக்கு வடக்கே எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. இந்த நாட்டுக்காரர்களுக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு பைத்தியம் பிடிக்கும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பெரிய வண்டி ஒன்றை வாங்குவார்கள். அதன் பின்னால் கேரவன் என்ற சக்கரம் வைத்த சின்ன வீட்டை மாட்டிக்கொண்டு, மாதக் கணக்கில் நாடு சுற்றக் கிளம்பிவிடுவார்கள். அந்த வீட்டுக்குள் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் உண்டு. கரண்ட் கம்பம்தான் கிடையாது.

அங்கேதான் நான் வருகிறேன். இன்ஜினைக் கிளப்ப முன்னால் ஒரு பேட்டரி இருக்கும். அதிலேயே ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜை ஓட்டினால் காலையில் வண்டி கிளம்பாது. அதனால் வண்டிக்குள் இரண்டாவதாக ஒன்று, கேரவனுக்குள் மூன்றாவதாக ஒன்று. வண்டி ஓடும்போது இன்ஜினோடு சுற்றுகிற ஆல்டர்னேட்டர் மூன்றுக்கும் சார்ஜ் தர வேண்டும். ஆனால் ஒன்றின் சார்ஜை இன்னொன்று தின்றுவிடக் கூடாது. கூட்டுக் குடும்பம் மாதிரிதான். ஒரே அடுப்பில் சமையல், எல்லோருக்கும் தனித்தனித் தட்டு, அடுத்தவர் தட்டில் கை வைக்கக் கூடாது. பல கூட்டுக் குடும்பங்கள் எதனால் உடைந்தன என்பது எனக்குத் தெரியும். ஆகவே என் ஒயரிங்கில் அந்தப் பிரச்சினை வராது.

இந்த வருஷம் ஆயுத பூஜையை ஒட்டி ஒரு விஷயம் நடந்தது. எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

2

முதலில் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் முடித்த கையோடு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வண்டிகளுக்குள் ஓடுகிற ஒயர்களைச் சடை மாதிரி கட்டி, நுனிகளில் கனெக்டர் மாட்டி, கட்டுக்கட்டாக அனுப்புகிற கம்பெனி. ஒரு பெரிய பலகை, அதில் ஆணிகள். எந்த நிற ஒயர் எந்த ஆணியைச் சுற்றி எங்கே போக வேண்டும் என்று பலகையிலேயே வரைந்திருக்கும். லைனில் பெரும்பாலும் பெண்கள். அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியவர்கள், மதுரை, திருவண்ணாமலைக்காரர்கள், ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர்கள். என் வலப்பக்கம் தெலுங்கு, இடப்பக்கம் கன்னடம், நடுவில் நான். மூன்று மொழியிலும் வம்பு பேசலாம், வேலை மட்டும் நிற்கக் கூடாது.

என் கணவர் குமரேசன் காவேரிப்பட்டினத்துக்காரர். பக்கத்துக் கம்பெனியில் சி.என்.சி மெஷின் ஓட்டினார். அவருடைய தொழிலுக்குத்தான் இந்த நாடு விசா கொடுத்தது. அந்தத் தாளில் என் பெயருக்கு நேராக 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருந்தார்கள். விமானத்தில் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடுப்பாக இருந்தது. வந்து இறங்கிய கொஞ்ச நாளில், நானும் ஒயரிங் தெரிந்தவள்தான், எனக்கும் ஒரு சான்றிதழ் கொடுங்கள் என்று தொழில் மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். நல்ல மனிதர் ஒருவர் என்னை விசாரித்தார்.

"நீங்கள் வண்டிகளில் வேலை செய்திருக்கிறீர்களா?"

"ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு ஒயரிங் செய்திருக்கிறேன்."

"அருமை. வண்டிக்குள் இறங்கியா, பானெட்டைத் திறந்து வைத்தா?"

"பலகையின் மேல்."

"அப்போது வண்டி எங்கே இருக்கும்?"

"வேறு ஊரில் இருக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அத்தனை வருஷம் வண்டிக்கு நரம்பு பின்னியவள், அந்த நரம்பு ஓடுகிற வண்டியை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. கம்பெனி பஸ்ஸைத் தவிர எந்த வண்டியிலும் அதிகம் ஏறியதும் இல்லை. கடைசியில், ஆரம்பத்திலிருந்து படியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தொழிற்பள்ளியில் மீசை முளைக்காத பையன்களோடு கொளுத்தும் வெயிலில் வண்டிக்கு அடியில் படுத்தேன். வீட்டுக்கு வந்தால் இடுப்பில் குழந்தை.

மொழியும் சும்மா விடவில்லை. முதல் வாடிக்கையாளர் ஒருவரிடம், 'பேட்டரி இறங்கிவிட்டது' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மனிதர் குனிந்து வண்டிக்குக் கீழே தேடினார். இங்கே பேட்டரி இறங்காது, 'ஃபிளாட்', அதாவது தட்டையாகும். தட்டையான பேட்டரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இருந்தாலும் அவர்கள் சொன்னால் சரி. இன்றைக்கு என்னிடம் வேலை கொடுக்க ஆட்கள் முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

3

அந்த இடுப்புக் குழந்தைதான் தாரிணி. இப்போது பள்ளி முடித்து என் தோளைத் தாண்டி நிற்கிறாள். வெளியே அவள் பெயர் டாரி. தமிழ் முழுக்கப் புரியும். பணிவாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால் தமிழில் பேசுவாள். கோபம் வந்தால் ஆங்கிலம். கடந்த சில வருஷமாக வீட்டில் ஆங்கிலம்தான் அதிகம் கேட்கிறது.

சின்ன வயதில் கோயிலுக்கு முதலில் கிளம்புகிறவள் அவள்தான். உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் ஒவ்வொன்றாக விட்டாள். முதலில் கோயில், பிறகு பாவாடை, பிறகு பொங்கலன்று வீட்டில் இருப்பது. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் மட்டும் என்ன, கேட்டுவிடப் போகிறாளா? ஆனால் பூஜை அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம், இது என்னோடு முடிந்துவிடும் என்ற எண்ணம் வரும். ஒரு மாதிரி வலிக்கும். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

இந்த வருஷம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். பல்கலைக்கழகத்துக்கு அடுத்த வருஷம் போகிறாளாம். அதற்குள் தோழி எமிலியோடு வடக்கே காத்தரின் என்ற ஊர்ப் பக்கம் போய், சீசன் முடியும்வரை மாம்பழம் பறித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்யப் போகிறாளாம். பாலைவனத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நாட்டின் தென்கோடியிலிருந்து ஏறக்குறைய வடகோடிவரைக்கும் போக வேண்டும்.

குமரேசன் இடிந்துபோனார். "மாங்கா பொறுக்கறதுக்கா இவ்ளோ தூரம் கப்பலேறி வந்தோம்? காவேரிப்பட்டினத்துல எங்க மாமா தோப்புல சொன்னா நாளைக்கே வேலை போட்டுத் தருவாரே!"

"அப்பா, நாம ஃபிளைட்ல வந்தோம்" என்றாள் அவள்.

எங்கள் சண்டையைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. ஓசூரிலிருந்து அம்மாவும் போனில் கலந்துகொண்டாள். "பொட்டப் புள்ளைய தனியா காட்டுக்கு அனுப்புறியே, உனுக்கு மூளை இருக்குதா?" என்று என்னைக் கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வெளியே சொல்லவில்லை. பதினெட்டு வயது முடிந்தவளை இந்த ஊரில் கட்டிப்போட முடியாது. கட்டிப்போட்டால் நான் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்விடுவாள். அதைவிட என் வண்டியில், என் ஒயரிங்கில் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

பட்டறையில் நான் ஓட்டுகிற பழைய ஃபோர் வீல் டிரைவைக் கொடுத்தேன். ஒரு வாடிக்கையாளர் கழித்துவிட்ட சின்னக் கேரவன் ஒன்றும் கொட்டகை ஓரத்தில் கிடந்தது. அதையும் சுத்தம் செய்து கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"வழியில ஒரே ஒரு தடவை வண்டி மக்கர் பண்ணாலும், கரண்ட் போனாலும், திரும்பி வீட்டுக்கு வந்துடணும். மறுபேச்சு கூடாது."

"டீல்" என்று கை கொடுத்தாள்.

மனதில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிபந்தனையைப் போடும்போதே வண்டி எங்கேயாவது நின்று தொலையட்டும் என்று உள்ளுக்குள் ஆசை இருந்தது. அதே வண்டிக்கு, எந்தச் சூழ்நிலையிலும் நிற்காதபடி ஒயரிங் போட்டதும் நான்தான். கடைசிப் போல்ட் வரை என் கையால் முடுக்கினேன். தடிமனான ஒயர், ஒவ்வொரு பேட்டரிக்கும் பக்கத்திலேயே ஃபியூஸ். வண்டிக்கும் கேரவனுக்கும் நடுவே கைப்பிடி அளவு சாம்பல் நிற பிளக். அதை மாட்டினால் ஓடும் வண்டியிலிருந்து கேரவன் பேட்டரிக்கு சார்ஜ் போகும், கழற்றினால் இரண்டும் தனித்தனி. வருகிற கரண்ட் சரியில்லை என்று தோன்றினால் கேரவனில் இருக்கிற சார்ஜர் தானாகவே வேலையை நிறுத்திக்கொள்ளும். சோலார் தகடு மட்டும் போட நேரமில்லை.

வேலை நடக்கும்போது தாரிணியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். போனைப் பார்த்தபடி "ம்" கொட்டினாள். மீட்டரை வைத்து வோல்ட் பார்க்க மட்டும் விடாப்பிடியாகப் பழக்கினேன். ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்பு, ஒரு காலை, இருவரும் கிளம்பினார்கள். தெருமுனை திரும்பும்போது கை காட்டினாள். பிரேக் விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்றுதான் என் கண் பார்த்தது. தொழில் புத்தி.

4

ஓசூரில் ஆயுத பூஜை என்றால் கோயிலைவிடக் கம்பெனிக்குள்தான் திருவிழா. முந்தின நாளே மெஷின்களை எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். வாசலில் வாழைமரம் கட்டுவார்கள். தினமும் நீலச் சட்டையில் பார்த்த ஆட்கள் பட்டிலும் வேட்டியிலும் வந்து நிற்பார்கள், சட்டென்று அடையாளம் தெரியாது. பூசணிக்காய் உடைத்து, கம்பெனி பஸ்ஸுக்கு மாலை போட்டு, ஆளுக்கொரு பொரிகடலைப் பொட்டலத்தோடு மதியத்துக்குள் வீட்டுக்குப் போகலாம்.

எங்கள் லைனில் பொட்டு வைக்கும் வேலைக்குப் போட்டி இருக்கும். லைனை நடத்திய நாகம்மாக்கா தெலுங்குக்காரர். சந்தனக் கிண்ணத்தை யார் கையில் எடுத்தாலும் பின்னாலேயே வருவார். "பலகைக்கு வெய்யி, ஸ்டூலுக்கு வெய்யி, எனக்குக்கூட வெய்யி. கனெக்டர் வாய்ல வெச்சே, அவ்ளோதான், பூரா நீயே துடைக்கணும்!" சந்தனம் காய்ந்தால் செம்புக்கும் செம்புக்கும் நடுவே சுவர் எழுப்பின மாதிரி. கரண்ட் போகாது, போனாலும் சூடு ஏறும். லைனில் இருந்த எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம். கையை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்பது பூஜையோடு சேர்ந்தே எங்களுக்கு வந்துவிட்டது.

பட்டறை வைத்த முதல் வருஷத்திலிருந்து இங்கேயும் விடாமல் செய்கிறேன். அன்றைக்குக் கொட்டகையில் யாருடைய வண்டி நின்றாலும் பேட்டரிப் பெட்டியின் மூடியில் சந்தனம், குங்குமம் உண்டு. முதலில் ஒருவர் அதை ஏதோ எச்சரிக்கைக் குறி என்று நினைத்து, சிவப்புப் புள்ளி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பயந்து போன் செய்தார். இப்போது பழகிவிட்டார்கள். என் பொட்டு இல்லாவிட்டால் வண்டியை எடுக்க மாட்டேன் என்கிற ஒரு கிழவர்கூட இருக்கிறார். அவருக்காகக் குங்குமத்தை வருஷம் முழுக்கக் கைவசம் வைத்திருக்கிறேன்.

தாரிணி குழந்தையாக இருந்தபோது கிண்ணம் அவள் கையில்தான் இருக்கும். டிரில்லிங் மெஷின், ஏணி, அப்பாவின் செருப்பு, பக்கத்து வீட்டுப் பூனை, எதையும் விடமாட்டாள். நானும் தடுக்க மாட்டேன். பேட்டரிப் பக்கம் மட்டும் நான் வைத்துவிடுவேன், குழந்தை அங்கே கை வைக்கக் கூடாதே என்பதற்காக. ஏன் என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இந்த வருஷம் நான் மட்டும் கற்பூரம் காட்டினேன். அவள் இருந்திருந்தாலும் அறையை விட்டு வந்திருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று முழுக்க அவளிடமிருந்து போன் இல்லை. அந்த நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் இருக்கும் இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் மணிக்கணக்கில் ஓட்டினால் ஒன்று.

5

பூஜை முடிந்து இரண்டு நாள் கழித்து, பட்டறையில் ஒரு வண்டிக்கு அடியில் இருந்தேன். போன் அடித்தது. தாரிணி.

"அம்மா, கோச்சுக்காத."

தமிழில் ஆரம்பிக்கிறாள் என்றால் ஏதோ நடந்திருக்கிறது. வெளியே வந்து, "என்னாடி, அடி கிடி பட்டுச்சா?" என்றேன்.

"அதெல்லாம் இல்ல. நாங்க நல்லாருக்கோம். ஃபிரிட்ஜ் ஆஃப் ஆயிடுச்சு. கேரவன்ல லைட்டும் டிம்மா இருக்கு. பேட்டரி சார்ஜே ஆகல."

குரல் சின்னதாக இருந்தது. அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று உடனே புரிந்தது. கெட்டுப்போகும் பாலுக்காக இல்லை, நிபந்தனைக்காக. ஒரு பங்க் வாசலில் வண்டியை ஓரம் கட்டியிருந்தார்கள். வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

குமரேசன் அன்று வீட்டில் இருந்தார். சத்தம் கேட்டுக் கொட்டகைக்கு வந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். விஷயம் புரிந்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பெண் நடுவழியில் நிற்கிறாள் என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே அப்பா அவராகத்தான் இருப்பார். நான் மட்டும் என்ன யோக்கியம்? எனக்கும் நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். திரும்பி வந்துவிடுவாள்.

"மீட்டரை எடு" என்றேன்.

வண்டிக்குள் இருக்கும் இரண்டாவது பேட்டரி நன்றாக இருந்தது. கேரவன் பேட்டரி அடிமட்டத்துக்குப் போயிருந்தது. இன்ஜினைக் கிளப்பி, பிளக்கைக் கழற்றி, வண்டிப் பக்கத்து முனையில் பார்க்கச் சொன்னேன். பதினாலு வோல்ட் காட்டியது. அப்படியானால் வண்டி கொடுக்கிறது, கேரவன் வாங்கவில்லை.

"இப்ப பிளக்கை மாட்டி, கொஞ்ச நேரம் ஓட விட்டு, அதைத் தொட்டுப் பாரு."

காத்திருந்தோம். பின்னால் எமிலி ஏதோ கேட்பதும், பெரிய லாரி ஒன்று கடந்து போவதும் கேட்டன.

"அம்மா, இது சூடா இருக்கு. ரொம்ப."

பிளக் சூடாகிறது என்றால் உள்ளே இணைப்பு சரியில்லை என்று அர்த்தம். அந்த இணைப்பை அழுத்திப் பொருத்தியது நான். வாடிக்கையாளர் வண்டியில் ஒருநாளும் வராத தப்பு என் மகள் வண்டியிலா வரவேண்டும்?

குமரேசன் என் காதோரம் குனிந்தார். "ஒயரிங் போச்சுன்னு சொல்லிடு சுமதி. அவ்ளோதான். நாளைக்கே திரும்பிடுவா."

"ச்சும்மா இருங்க."

"நான் என்ன பொய்யா சொல்லச் சொல்றேன்? சூடாவுதுன்னு அவளே சொல்றா."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த நிமிஷத்தில் அது பொய்யும் இல்லை. சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் என் இணைப்பு எப்படிக் கெட்டது என்று தெரியாமல் என்னால் அந்தப் போனை வைக்க முடியாது.

"இன்ஜினை நிறுத்து. பிளக்கைக் கழட்டி டார்ச் அடிச்சு உள்ளாற பாரு. என்னா தெரியுது?"

பிளக் கழன்ற 'டக்' சத்தம் கேட்டது.

"தாரிணி?"

"மஞ்சளா இருக்கு."

"மஞ்சளா? கருகின மாதிரியா?"

"இல்ல." குரல் இன்னும் இறங்கியது. "சந்தனம்."

"என்ன சந்தனம்? அங்க யாரு சந்தனம் வெச்சா?"

"நான்தான் வெச்சேன். அன்னிக்கு ஆயுத பூஜைதானே. நீ எல்லாத்துக்கும் வெப்பல்ல? கெளம்பறதுக்கு முன்னாடி அலமாரிலேர்ந்து ஒரு டப்பா எடுத்துக்கினு வந்தேன். ஸ்டீயரிங், டயரு, எல்லாத்துக்கும் வெச்சேன். எமிலிக்கும் வெச்சேன். இதுலதானே பவர் போகுது, இது முக்கியம்னு நீ சொன்னல்ல? அதான் இதுக்கு நிறைய வெச்சேன். ரெண்டு பக்கமும், நல்லா உள்ள வரைக்கும்."

நானும் குமரேசனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நாங்கள் யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காத ஒரு பாலைவன ஓரத்தில், அவள் தேதியை நினைவில் வைத்திருந்து, சந்தனம் குழைத்திருக்கிறாள். விளக்கு, மணி ஒன்றும் கிடையாது. எமிலியைப் பக்கத்தில் நிற்க வைத்துச் செய்திருக்கிறாள். பொட்டு வைக்க நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கே வைக்கக் கூடாது என்பதைத்தான் சொல்லவில்லை. நாகம்மாக்கா மாதிரி பின்னாலேயே போய்க் கத்தியிருந்தால் இது நடந்திருக்காது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் போனில் ஏதோ விசித்திரமான சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"அம்மா? அழறியா? சாரிம்மா."

"அழுவல. பழைய டூத் பிரஷ் இருக்குதா?"

இருந்தது. டூல் பெட்டியில் நான் வைத்திருந்த ஸ்பிரேயை அடித்து, இரண்டு முனையையும் உள்ளே விட்டுத் தேய்க்கச் சொன்னேன். துணியை மடித்துத் துடைக்கச் சொன்னேன். செம்பு பளிச்சென்று தெரியும்வரை விடவில்லை. எமிலி டார்ச் பிடித்தாள். பிறகு பிளக்கை மாட்டி, இன்ஜினைக் கிளப்பி, கேரவன் சார்ஜரில் என்ன காட்டுகிறது என்று கேட்டேன்.

"பச்சை! அம்மா, பச்சை லைட் வந்துடுச்சு! ஏறுது!"

இருவரும் அங்கே கூச்சல் போட்டார்கள். குமரேசன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கூச்சல் அடங்கியதும் தாரிணியே அதைக் கேட்டாள். நான் கேட்கமாட்டேன் என்று தெரிந்தோ, கேட்டுவிடுவேன் என்று பயந்தோ, தெரியவில்லை. "அம்மா, நம்ம டீல்? கரண்ட் போச்சே. நான் இப்ப திரும்பி வரணுமா?"

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, கிளம்பும் நாளில் அம்மா வாசலில் நின்று கேட்டதும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அடுத்தது எப்ப வருவே என்று. அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ, அவ்வளவு நேரம் இதற்கும் பிடித்தது. "வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வந்திருப்பாள். கை கொடுத்த வாக்கை மீறுகிற பெண் இல்லை. குமரேசன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி கெட்டாத்தானே திரும்பணும்?" என்றேன். "வண்டிக்கு ஒண்ணும் கெடல. சாமி கும்புட்டது கொஞ்சம் ஓவராயிடுச்சு, அவ்ளோதான். நேரமாவுது, கெளம்பு."

"நிஜமாவா?"

"இருட்டறதுக்கு முன்னாடி அடுத்த ஊருக்குப் போயிடு. கங்காரு குறுக்க வரும்."

6

போன் வைத்த பிறகு குமரேசன் எழுந்து உள்ளே போனார். காபி போட்டுக்கொண்டு வந்து எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். பிறகுதான் ஆரம்பித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் வண்டிய திருப்பியிருப்பா."

"என் ஒயரிங் கெட்டுப்போச்சுன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா?"

"பெத்த பொண்ணைவிட உனுக்கு ஒயரிங் பெருசா?"

"அந்த ஒயரிங்க யாருக்காகப் போட்டேன்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எமிலி நெற்றியில் சந்தனத்தோடு பங்க்கில் போய் நின்றிருப்பாள், அந்தக் கடைக்காரன் என்ன நினைத்திருப்பான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. ஓசூருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. "புள்ளைக்கு சாமி பயம் இருக்குதில்ல, அது போதும்" என்று ஒரே போடாகப் போட்டு வைத்துவிட்டாள். அதற்கும் சிரித்தோம்.

சிரித்து முடித்தபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. குமரேசன் டம்ளர்களைக் கழுவப் போனார். அவள் அறைக் கதவு திறந்து கிடந்தது, கட்டிலில் மடிக்காத போர்வை. இந்தப் போர்வையை அவள் வந்து மடிப்பாள் என்று இத்தனை நாளும் அப்படியே விட்டுவைத்திருந்தேன். உள்ளே போய் அதை மடித்தேன். அவள் வீட்டை விட்டுக் கிளம்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆனால் நான் அவளை அனுப்பி வைத்தது அன்றைக்குத்தான்.